அடுத்த நாவலை எங்கே தேடுவது? ஐஎஸ்எஃப்டிபி தளம் பற்றி

அறிவியல் புனைகதையும் ஃபேன்டசியும் விடாமல் படிக்கிறவர்களுக்குப் பொதுவாக ஒரு தொல்லை உண்டு. பிடித்த நாவல் ஒன்றை முடித்துவிட்டு, இதைப் போல வேறு என்ன இருக்கிறது என்று தேடினால், எங்கே தேடினாலும் அதே பத்துப் பதினைந்து பெயர்கள்தான் வந்து நிற்கும். 'டியூன்' படித்தவருக்கு 'ஃபவுண்டேஷன்' காட்டுவார்கள். 'ஃபவுண்டேஷன்' படித்தவருக்கு 'டியூன்'. இரண்டும் நல்ல நாவல்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ரெண்டையும் எப்போதோ படித்து முடித்தவருக்கு அந்தப் பட்டியலால் என்ன பயன்?

இணையக் கடைகளின் பரிந்துரை பெரும்பாலும் 'இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்' என்ற கணக்கில் ஓடுகிறது. நிறைய விற்றது மேலே வரும், மேலே வந்ததால் இன்னும் விற்கும். கொஞ்சம் பேர் மட்டுமே படித்த, ஆனால் படித்தவர்கள் மறக்காமல் வைத்திருக்கிற ஒரு நாவல் அந்தக் கணக்கில் கண்ணில் படவே படாது. எனக்கு வேண்டியதோ அந்த நாவல்தான்.

அதற்கு நான் நம்பிப் போகிற இடம் இன்டர்நெட் ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன் டேட்டாபேஸ், சுருக்கமாக ஐஎஸ்எஃப்டிபி. 1995இல் ஆல் வான் ரஃப் என்பவரும், அஹாஸ்வேரஸ் என்ற புனைபெயரில் மட்டும் அறியப்படுகிற இன்னொருவரும் சேர்ந்து தொடங்கியது. இன்றைக்கும் தன்னார்வலர்கள்தான் தகவல்களைச் சேர்க்கிறார்கள், திருத்துகிறார்கள். கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்காமலே பார்க்கலாம். உண்மையில் இது பரிந்துரை செய்வதற்கான தளமே அல்ல. எந்தக் கதை எப்போது, எந்த இதழில், எந்தப் பதிப்பில், யார் தொகுத்து வந்தது என்று பதிந்து வைக்கிற நூலடைவு. ஆனாலும் புது நாவல் தேடுவதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் கிடையாது.

முதலில் பார்க்க எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் அதைப் பார்த்ததுமே மூடிவிடுவார்கள். முகப்பில் விரைவில் வரவிருக்கும் புத்தகங்கள் சிலவற்றின் அட்டைகள் இருக்கும். இடது பக்கம் ஒரு தேடல் பெட்டி. மற்றபடி எல்லாம் எழுத்தும் நீல நிற இணைப்புகளும்தான். ஓர் எழுத்தாளரின் பெயரைத் தட்டினால் அவருடைய தொடர்கள், தனி நாவல்கள், தொகுப்புகள், சிறுகதைகள், கட்டுரைகள், அவர் எழுதிய மதிப்புரைகள் என்று நீளமாக ஒரே பக்கத்தில் விரியும். மேலே சின்னதாக 'அவார்ட்ஸ்', 'க்ரோனலாஜிக்கல்' என்று மாற்றுப் பார்வைகள் இருக்கும். படம் பார்த்துப் புத்தகம் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு இங்கே வேலை இல்லை. பெயர்களைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு இங்கே ஒரு நாள் முழுக்க வேலை இருக்கிறது.

தொடர் விவரம் ஒன்றுக்காகவே இந்தத் தளத்தைப் பயன்படுத்தலாம். ஓர் இணையக் கடையில் அட்டையிலும் சரி, விவரிப்பிலும் சரி, ஒரு வார்த்தை சொல்லாமல் நான்கு பாகத் தொடரின் இரண்டாம் பாகத்தை எனக்கு விற்றுவிட்டார்கள். எல்லாருக்கும் எல்லாரையும் முன்பே தெரியும், எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது என்கிற நிலையில் ஐம்பது பக்கம் போராடிவிட்டுத்தான் விஷயம் புரிந்தது. ஐஎஸ்எஃப்டிபியில் நாவலின் தலைப்புக்குள் போனால் அது எந்தத் தொடர், எத்தனையாவது பாகம் என்று எண்ணோடு இருக்கும். இடையில் வந்த குறுநாவல்கள், சிறுகதைகள்கூட அந்த வரிசையில் இருக்கும். இப்போதெல்லாம் அங்கே பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை.

சரி, புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது எப்படி? வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' பிடித்த ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அது 1984இல் மலிவுப் பதிப்பாகத்தான் முதலில் வந்தது. ஹியூகோ, நெபுலா, பிலிப் கே. டிக் விருது மூன்றையும் வாங்கியது. பரிந்துரைத் தளத்தில் கேட்டால் சைபர்பங்க் (கணினி வலைகளும் இருண்ட எதிர்கால நகரங்களும் கலந்த வகை) என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அதே சாயலில் வந்த நாவல்களை வரிசையாகத் தரும். ஐஎஸ்எஃப்டிபியில் நான் செய்வது வேறு. நாவலின் பக்கத்தில் கீழே பதிப்புகளின் பட்டியல் இருக்கும். அதில் ஆக மேலே இருக்கும் முதல் பதிப்பைத் திறப்பேன். ஆண்டு, பக்கம், அட்டை வரைந்தவர் பெயரோடு, அந்தப் பதிப்பு எந்தப் பதிப்பு வரிசையில் வந்தது என்றும் போட்டிருக்கும். இது ஏஸ் நிறுவனத்தின் 'ஸ்பெஷல்' வரிசை. டெர்ரி கார் என்ற தொகுப்பாசிரியர், புதியவர்களின் முதல் நாவல்களுக்காகவே நடத்திய வரிசை அது.

அந்த வரிசையின் பெயரைத் தட்டினால் கூட வந்தவர்கள் யார் என்று தெரியும். கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'த வைல்ட் ஷோர்', லூசியஸ் ஷெப்பர்டின் 'கிரீன் ஐஸ்', ஹோவர்ட் வால்ட்ராப்பின் 'தெம் போன்ஸ்', மைக்கேல் ஸ்வான்விக்கின் 'இன் த ட்ரிஃப்ட்'. இதில் எதுவும் இன்னொன்றின் சாயலில் இல்லை. ஒன்றுகூட 'நியூரோமான்சர்' மாதிரி இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மனிதர் படித்து, இது வர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். இதே டெர்ரி கார்தான் 1969இல் அர்சுலா லெ குயினின் 'த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலையும் இதே பெயருள்ள பழைய வரிசையில் வெளியிட்டவர். நல்ல ரசனை உள்ள ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அவர் கை வைத்ததெல்லாம் நமக்கு ஒரு பட்டியலாகிவிடும். எந்த இயந்திரக் கணக்கும் எனக்கு டெர்ரி காரைக் காட்டியதில்லை.

ஃபேன்டசியில் இதே வழியில் போனால் கிடைப்பது பேலன்டைன் அடல்ட் ஃபேன்டசி வரிசை. லின் கார்ட்டர் 1969 முதல் 1974 வரை நடத்தியது. 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கினுக்கு முன்பு ஃபேன்டசி என்றால் என்னவாக இருந்தது என்று பார்க்க இதைவிட நல்ல வாசல் இல்லை. லார்ட் டன்சனியின் 'த கிங் ஆஃப் எல்ஃப்லேண்ட்ஸ் டாட்டர்' அதில் உண்டு, 1924இல் வந்த நாவல். ஹோப் மிர்லீஸ் 1926இல் எழுதிய 'லட் இன் த மிஸ்ட்' 1970இல் இந்த வரிசையில்தான் மறுபடி அச்சானது. எழுத்தாளர் எங்கே இருக்கிறார் என்றே பதிப்பகத்துக்குத் தெரியாமல் போட்டார்களாம். அவர் அதற்கு அப்புறமும் எட்டு வருஷம் உயிரோடு இருந்தார். அந்த நாவலில் வணிகர்கள் ஆளும் கண்ணியமான ஓர் ஊர். பக்கத்து மாயதேசத்துப் பழங்கள் கள்ளத்தனமாக அங்கே கடத்தி வரப்படுகின்றன. அதை வாய் திறந்து பேசுவதே அநாகரிகம் என்று சட்டமே கண்ணை மூடிக்கொள்கிறது. போர் இல்லை, தீர்க்கதரிசனம் இல்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய நாவல், எனக்குப் புத்தம் புதிதாக இருந்தது. 'புது நாவல்' என்று நான் சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

மொழிபெயர்ப்பு நாவல்களுக்கும் இதே மாதிரி ஒரு சங்கிலி இருக்கிறது. லியூ சிக்சினின் 'த த்ரீ பாடி ப்ராப்ளம்' 2014இல் ஆங்கிலத்தில் வந்து 2015இல் ஹியூகோ வாங்கியது. சிறந்த நாவலுக்கான ஹியூகோவை ஒரு மொழிபெயர்ப்பு வாங்கியது அதுதான் முதல் முறை. அதைப் படித்த பலர் தொடரின் மற்ற இரண்டு பாகங்களோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே நிற்க வேண்டியதில்லை. மொழிபெயர்த்தவர் கென் லியூ. அவருடைய பக்கத்துக்குப் போனால் தொகுப்பு நூல்கள் என்ற பிரிவில் 2016இல் வந்த 'இன்விசிபிள் பிளானெட்ஸ்' இருக்கும். அதன் உள்ளடக்கத்தைத் திறந்தால் சீன எழுத்தாளர்கள் ஏழு பேரின் கதைகள், ஒவ்வொன்றும் தட்டக்கூடிய இணைப்பாக.

அதில் ஹாவ் ஜிங்ஃபாங்கின் 'ஃபோல்டிங் பெய்ஜிங்' இருக்கிறது. ஒரே நகரம், மூன்று வர்க்கத்தார். நேரத்தைப் பங்கு பிரித்துக்கொண்டு, ஒரு கூட்டத்தார் விழித்திருக்கும்போது மற்றவர்களின் கட்டடங்கள் மடிந்து உள்ளே போய்விடும். ஏழைகள் நிறைய பேர், அவர்களுக்குக் குறைந்த நேரம். 2016இல் ஹியூகோ பெற்ற கதை. அவர் பெயரைத் தட்டினால் 'வேகபாண்ட்ஸ்' என்ற நாவல் 2020இல் ஆங்கிலத்தில் வந்தது தெரியும். அதே தொகுப்பில் இருக்கும் சென் சியூஃபானின் பெயரைத் தட்டினால் 'வேஸ்ட் டைட்'. மின்கழிவு மலைகளுக்கு நடுவே பிழைக்க வந்த தொழிலாளர்களைப் பற்றியது. ஒரு நாவலில் தொடங்கி ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு தொகுப்பு, இரண்டு சிறுகதைகள், இரண்டு நாவல்கள். சிறுகதையை முதலில் படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் நாவலுக்குப் போவதால், பிடிக்காத ஒன்றில் பணமும் நேரமும் போகாது. அரை மணி நேரக் கதை பிடிக்கவில்லை என்றால் நானூறு பக்கம் பிடிப்பது அபூர்வம்.

இதற்கு மேல் ஒரு வசதி இருக்கிறது, பலருக்கு அது கண்ணில் படுவதில்லை. அச்சு இதழ்களில் வந்த மதிப்புரைகளையும் இந்தத் தளம் பதிந்து வைக்கிறது. நாவலின் பக்கத்தில் அடியில், யார் எந்த இதழில் எந்த ஆண்டு மதிப்புரை எழுதினார்கள் என்று இருக்கும். மதிப்புரை எழுதியவரின் பெயரைத் தட்டினால் அவர் மதிப்பிட்ட புத்தகங்கள் எல்லாம் வரிசையாக வரும். ஜோனா ரஸ் என்ற நாவலாசிரியர் 'த மேகசின் ஆஃப் ஃபேன்டசி அண்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' இதழில் 1966 முதல் 1980 வரை மதிப்புரைகள் எழுதினார். சோம்பேறித்தனமான எழுத்தை அவர் மன்னிக்கவே மாட்டார். நல்லதென்றால் ஏன் நல்லது என்று அதே கண்டிப்போடு சொல்வார். அதே இதழில் சார்ல்ஸ் டி லின்ட் பல வருஷம் எழுதினார். ஃபேன்டசியில், அதிலும் சிறு பதிப்பகங்களிலிருந்து வரும் புத்தகங்களில், அவருடைய பட்டியல் எனக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. நம் ரசனையோடு ஒத்துப்போகிற ஒரு மதிப்புரையாளர் கிடைப்பது ஐந்து நட்சத்திரம் பெற்ற ஆயிரம் நாவல்களைவிட மேல். அவரோடு ஒத்துப்போகாவிட்டாலும் சரிதான். அவருக்குப் பிடிக்காதது நமக்குப் பிடிக்கும் என்று தெரிந்தால் அதுவும் ஒரு வழிகாட்டல்.

விருதுப் பக்கங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வென்றவர் யார் என்பது எல்லா இடத்திலும் கிடைக்கும். ஐஎஸ்எஃப்டிபியில் இறுதிப் பட்டியலில் இருந்தவர்களும் ஆண்டு வாரியாக இருப்பார்கள். எனக்குப் பிடித்த நாவல்களில் நிறைய, வெல்லாத பட்டியலிலிருந்து வந்தவை.

ஆனால் எந்த விருது என்பது முக்கியம். ஹியூகோ 1953இலிருந்து நடக்கிறது, உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள் வாக்களிப்பது. அதனால் ஏற்கெனவே பரவலாகப் படிக்கப்பட்ட நாவல்கள்தான் பெரும்பாலும் வரும். பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. 2023இல் சீனாவின் செங்டூவில் நடந்த மாநாட்டில் ஆர். எஃப். குவாங்கின் 'பேபல்' தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்டது, காரணம் சொல்லப்படவில்லை. விஷயம் வெளியே வந்ததே அடுத்த ஆண்டு ஜனவரியில் எண்ணிக்கை விவரம் வெளியானபோதுதான். அந்த நாவல் நெபுலாவும் லோகஸ் இதழின் விருதும் வாங்கியிருந்தது. வாசகர்களாக நாம் கோபப்பட வேண்டிய விஷயம் அது. நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

நடுவர் குழு தேர்ந்தெடுக்கிற விருதுகளில்தான் எதிர்பாராதது கிடைக்கும். பிரிட்டனில் வெளியாகும் நாவல்களுக்கான ஆர்தர் சி. கிளார்க் விருதை 1987இல் முதன்முதலாக 'த ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' வாங்கியது. 2022இல் வாங்கியது ஹாரி ஜோசஃபின் கைல்ஸ் எழுதிய 'டீப் வீல் ஆர்கேடியா'. விண்வெளி நிலையம் ஒன்றில் நடக்கிற கதை, முழுக்க முழுக்கச் செய்யுளில், அதுவும் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளின் வட்டார வழக்கில். பக்கத்தின் அடியில் ஆங்கில உரை கூடவே வரும். இப்படி ஒன்று எழுதப்பட்டிருக்கிறது என்றே எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேறு வழியும் இருந்திருக்காது. வழக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வாய்விட்டுப் படித்தால் நாலைந்து பக்கத்தில் காது பழகிவிடும்.

பிலிப் கே. டிக் விருது, அமெரிக்காவில் நேரடியாக மலிவுப் பதிப்பாக வரும் நாவல்களுக்கு. கெட்டி அட்டையும் பெரிய விளம்பரமும் கிடைக்காத புத்தகங்கள்தான் அந்தப் பட்டியலில் நிற்கும் என்பதால் நான் அதை ஆண்டு தவறாமல் பார்ப்பேன். அர்சுலா லெ குயின் பெயரிலான பரிசு 2022இல்தான் தொடங்கியது. முதல் ஆண்டு அதைப் பெற்றது கதீஜா அப்தல்லா பஜாபர் எழுதிய 'த ஹவுஸ் ஆஃப் ரஸ்ட்'. கென்யாவின் மொம்பாசாவைச் சேர்ந்த ஒரு பெண், கடலில் காணாமல் போன மீனவரான தன் அப்பாவைத் தேடி, எலும்புகளால் ஆன படகில், பேசும் பூனையோடு கிளம்புகிறாள். ஒவ்வொரு வாக்கியமும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், நிதானமாகத்தான் படிக்க வேண்டும். நான் அதை யார் கேட்டாலும் சொல்வேன்.

அப்புறம் புதியவர்களுக்கான அஸ்டவுண்டிங் விருது. ஹியூகோ மேடையிலேயே தருவது. முதல் படைப்பு வெளியாகி இரண்டு ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். 1992இல் டெட் சியாங், 2020இல் குவாங், 2021இல் எமிலி டெஷ். டெஷ் 2024இல் 'சம் டெஸ்பரேட் குளோரி'க்காக ஹியூகோ வாங்கினார். எதிர்காலத்தில் யாரைப் பற்றிப் பேசுவார்கள் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்றால் இந்தப் பட்டியலில் வென்றவரை மட்டும் அல்ல, கூட நின்றவர்களையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதலாவது, கதை என்ன என்று பெரும்பாலான பக்கங்களில் ஒரு வரிகூட இருக்காது. நல்லதா, கெட்டதா என்று தளம் சொல்லாது. வாசகர் மதிப்பெண் என்று ஓர் இடம் இருக்கிறது, ஆனால் பல நாவல்களில் யாரும் வாக்களிக்கவில்லை என்றுதான் இருக்கும். எனக்கு அது பிரச்சினை இல்லை, ஆனால் மனநிலை பார்த்துப் படிக்கிறவர்களுக்குப் பிரச்சினைதான். இன்றைக்கு மெதுவாக நகர்கிற, கொஞ்சம் சோகமான ஒன்று வேண்டும் என்றால் ஐஎஸ்எஃப்டிபி கையை விரித்துவிடும். அதற்கு ஸ்டோரிகிராஃப் என்ற வாசகர் தளம் நன்றாக இருக்கிறது. வேகம், மனநிலை, கதை பாத்திரங்களால் நகர்கிறதா சம்பவங்களால் நகர்கிறதா என்றெல்லாம் வாசகர்கள் குறித்திருப்பதை வைத்துச் சலித்துத் தரும். பெயரை இங்கே பிடித்துவிட்டு, சுபாவத்தை அங்கே பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

இரண்டாவது குறை எனக்கு உண்மையிலேயே வருத்தம். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்தத் தளத்தில் முறையான இடம் இல்லை. பெயர் குறிப்புப் பகுதியில் வரும், அவ்வளவுதான். எழுத்தாளருக்கும் தொகுப்பாசிரியருக்கும் அட்டை ஓவியருக்கும் தனிப் பக்கம் இருக்கிற இடத்தில், ஒருவர் மொழிபெயர்த்ததை எல்லாம் ஒரே தட்டலில் பார்க்க முடிவதில்லை. கென் லியூவை நான் எளிதாகப் பின்தொடர முடிந்தது அவர் தொகுப்பாசிரியராகவும் இருப்பதால்தான். ஒரு மொழியின் அறிவியல் புனைகதை இன்னொரு மொழிக்குப் போவது பல சமயம் தனி ஒருவரின் பிடிவாதத்தால். அந்த ஒருவரின் உழைப்பு ஒரு பக்கத்தில் திரண்டு கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, சொந்தமாக வெளியிடுகிறவர்களின் நாவல்கள். அவையும் இங்கே பதிவாகின்றன, ஆனால் அந்தக் கடலில் நல்லதைப் பிரித்துக் காட்ட இந்தத் தளத்தால் முடியாது. முடியாது என்பதற்காக அந்தப் பக்கமே போகாமல் இருப்பதும் தவறு. ஆண்டி வியர் 'த மார்ஷியன்' நாவலை முதலில் தன் சொந்த இணையதளத்தில்தான் தொடராகப் போட்டார், 2011இல் தானே மின்னூலாக்கினார், பதிப்பகம் அப்புறம்தான் வந்தது. ஃபேன்டசியில் இதற்கென்றே ஒரு போட்டி இருக்கிறது. எழுத்தாளர் மார்க் லாரன்ஸ் 2015இல் தொடங்கிய 'செல்ஃப்-பப்ளிஷ்ட் ஃபேன்டசி ப்ளாக்-ஆஃப்', சுருக்கமாக எஸ்பிஎஃப்பிஓ என்பார்கள். சொந்தமாக வெளியிட்ட 300 நாவல்களை விமர்சகர் குழுக்கள் பத்துக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு குழுவும் தன் பங்கிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், அந்தப் பத்தையும் பிறகு எல்லாக் குழுக்களும் படித்து மதிப்பெண் போடும். அறிவியல் புனைகதைக்கு இதே போல ஒன்று 2021இல் வந்தது.

இதில் நான் பார்ப்பது வென்றவரை மட்டும் அல்ல. ஜோசையா பேங்க்ராஃப்ட்டின் 'சென்லின் அசெண்ட்ஸ்' 2016 போட்டியில் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. ஆனால் போட்டி நடத்துகிற லாரன்ஸ் அதைப் படித்துவிட்டு ஊருக்கெல்லாம் சொன்னார், 2018இல் பெரிய பதிப்பகம் ஒன்று எடுத்து வெளியிட்டது. புதுமணத் தம்பதி பிரம்மாண்டமான ஒரு கோபுரத்தைப் பார்க்கப் போகிறார்கள், கூட்டத்தில் மனைவி தொலைந்துபோகிறாள், பள்ளி ஆசிரியரான கணவன் தளம் தளமாக ஏறித் தேடுகிறான். ஒவ்வொரு தளமும் ஒரு தனி நாடு. இப்படி ஒரு நாவலை முதல் சுற்றில் கழித்த குழுவைத் திட்ட வேண்டியதில்லை. முப்பது நாவலில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் இது நடக்கத்தான் செய்யும். அதனால் ஒவ்வொரு குழுவும் கடைசிவரை வைத்திருந்து விட்டுவிட்ட நாவல்கள் எவை என்று தேடிப் பார்ப்பது நல்லது.

இன்றைக்கு வருகிற நாவல்களுக்கு இன்னும் ஒரு துணை வேண்டும் என்றால் லோகஸ் இதழின் பரிந்துரைப் பட்டியல். 1968இலிருந்து வரும் இதழ். முந்தைய ஆண்டின் சிறந்தவற்றை ஒவ்வொரு பிப்ரவரியிலும் வெளியிடுகிறார்கள். பட்டியல் ரொம்ப நீளம், அதனால் நான் நேராக முதல் நாவல்கள் என்ற பிரிவுக்குப் போய்விடுவேன். அங்கே இருக்கும் பெயர்களை ஐஎஸ்எஃப்டிபியில் போட்டு, நாவலுக்கு முன்னால் அவர்கள் என்ன சிறுகதை எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். கிளார்க்ஸ்வேர்ல்ட், அன்கேனி, ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ், பினீத் சீஸ்லெஸ் ஸ்கைஸ் ஆகிய இதழ்களில் வந்திருந்தால் கதை இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். தளத்தில் கதையின் பதிவிலேயே பல சமயம் இதழுக்கான இணைப்பும் இருக்கும். படித்து, பிடித்தால் நாவலின் மாதிரி அத்தியாயத்தை இறக்கிக்கொள்வேன்.

மாதிரியைப் படிக்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த உலகம் எப்படி இயங்குகிறது என்று எனக்கு விளக்கிக்கொண்டிருக்கிறாரா, அல்லது அதில் ஒருவர் ஏதோ ஒரு வேலை செய்துகொண்டிருப்பதைக் காட்டுகிறாரா. முதல் அத்தியாயத்திலேயே ராஜ்ஜியங்களின் வரலாறு வந்தால் அங்கேயே மூடிவிடுவேன். படகுக்குத் தார் பூசுகிற ஒருத்தி, என்ன மாதிரியான கடலில் போகப் போகிறாள் என்று சொல்லாமலே எனக்குத் தெரியவைத்தால் முழுப் புத்தகத்தையும் வாங்குவேன்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு: தளத்துக்குள் போனதும் புகழ்பெற்ற பெயர்களைத் தேடாதீர்கள். உங்களுக்கு ரொம்பப் பிடித்த, ஆனால் உங்களுக்குத் தெரிந்த யாருமே படிக்காத ஒரு நாவல் இருக்கும் இல்லையா, அதைத் தேடுங்கள். ஆசிரியர் பெயரின் எழுத்துக்கூட்டல் சரியாக இருக்கட்டும், தேடல் பெட்டி பிழைகளைத் திருத்திக்கொள்ளாது. முதல் பதிப்பைத் திறந்து பதிப்பு வரிசையைப் பாருங்கள், அப்புறம் மதிப்புரைகளைப் பாருங்கள், அப்புறம் அந்த ஆசிரியரின் சிறுகதை எந்தத் தொகுப்பில் யாரோடு சேர்ந்து வந்திருக்கிறது என்று பாருங்கள். ஏதாவது விடுபட்டிருந்தாலோ தவறாக இருந்தாலோ கணக்குத் தொடங்கி நீங்களே திருத்தம் அனுப்பலாம். மேற்பார்வையாளர் ஒருவர் பார்த்துச் சேர்ப்பார்.